அந்த அறையில் என்ன நடக்கும்?

கவுன்சலிங் என்றாலே நமக்கு இன்ஜினியரிங் சீட்டுதான் ஞாபகம் வரும். மனம் பாரமான பிள்ளைகளுக்காகவும் பல கல்லூரிகளில் ஒரு கவுன்சலிங் அறை இருக்கிறது.

முதல் நாள் படிப்பு, தூக்கம், சாப்பாடு, வீட்டு நிலைமை பற்றிக் கேட்பார்கள். கவுன்சலர் மருந்து எழுத மாட்டார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். பேசியது அமானிதம். உயிருக்கு ஆபத்து போன்ற நிலையில்தான் வெளியே சொல்வார். மார்க் ஷீட்டில் எதுவும் வராது.

பெற்றோர்களே, "நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள்?" என்று பிள்ளையைத் தடுக்காதீர்கள். போய் வந்த பிள்ளையிடம் "என்ன சொன்னாய்?" என்று துருவாதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள், போதும். துஆவும் செய்யுங்கள், சிகிச்சைக்கும் அனுப்புங்கள்.

கல்லூரியில் அந்த வசதி இல்லையா? 14416-க்குப் போன் போடுங்கள். அது அரசின் டெலி மானஸ். 2022 முதல் நடக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.