வில்லோடு காடும் வேண்டும்



கண்ணப்ப நாயனார் என்றதும் காளத்திச் சிவனுக்கு அவர் பெயர்த்துக் கொடுத்த கண்தான் நமக்கு நினைவுக்கு வரும். அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு கை இருக்கிறது, வில் பிடித்த கை. அந்தக் கைக்கு வில் எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் நிதானமாகச் சொல்லியிருக்கிறார். காளத்திநாதரைப் பார்க்கும் அவசரத்தில் நாம் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறோம். இன்று அங்கே கொஞ்சம் நிற்போம்.

பொத்தப்பி நாட்டில் உடுப்பூர். வேடர் தலைவன் நாகன், அவன் மனைவி தத்தை. நெடுநாள் பிள்ளையில்லாமல் முருகனை வேண்டிப் பெற்ற மகன் திண்ணன், பின்னாளின் கண்ணப்பர். மகனுக்கு வில் பழகும் வயது வந்ததும் நாகன் சுற்று மலைகளுக்கெல்லாம் ஆள் அனுப்புகிறான். பொன்னும் மணியும், புலித்தோலும் யானைக் கொம்பும், மயில்பீலியும் தேனுமாக வேடர்கள் வந்து குவிகிறார்கள். ஊரே கூடி விழா எடுத்த பிறகுதான் சிறுவன் கையில் வில் ஏறுகிறது. ஒரு பிள்ளை வில்லைத் தொடுவது அவன் வீட்டு விஷயம் மட்டுமில்லை, மலையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரிய வேண்டும் என்று அந்த மக்கள் நினைத்திருக்கிறார்கள்.

ஆண்டுகள் போகின்றன. நாகனுக்கு வயதாகிவிடுகிறது, முன்போல வேட்டைக்குப் போக முடியவில்லை. காட்டு விலங்குகள் பெருகிப் புனத்தில் விளைந்ததை அழிக்கின்றன. வேடர்கள் வந்து முறையிடுகிறார்கள். அப்போதுதான் நாகன் மகனை அழைத்துத் தன் உடைவாளான சுரிகையையும் தோலையும் கொடுத்து, இனி இந்தக் குடியை நீ காப்பாற்று என்கிறான். தெய்வத்துக்குப் பூசை செய்யும் தேவராட்டி வந்து வாழ்த்துகிறாள். வேடர்கள் நாணனும் காடனும் உடன்வரத் திண்ணன் தன் முதல் வேட்டையான கன்னி வேட்டைக்குக் கிளம்புகிறான்.

கவனியுங்கள், இங்கே கைமாற்றம் இரண்டு முறை நடக்கிறது. வில்லைக் கொடுத்தது மகன் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது. சுரிகையைக் கொடுத்தது தகப்பனால் முடியாமல் போனபோது. நடுவில் பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. சாகும் தறுவாயில், 'இந்தா, என் வில்' என்று நீட்டுகிற வேலை அங்கே இல்லை. ஆயுதம் முதலில் போகிறது, பொறுப்பு பின்னால் போகிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, காடு. அதை நாகன் மகனுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை. அது அங்கேயே இருந்தது.

இந்த மூன்றாவதைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்தேன். அதற்குக் காளத்தி வரை போக வேண்டாம், வடசென்னையே போதும். ராயபுரத்திலிருந்து காசிமேடு, அங்கிருந்து திருவொற்றியூர். அதுவும் பெரியபுராணத்து ஊர்தான். செக்காட்டி விளக்கெரித்த கலிய நாயனார் வாழ்ந்த ஊர், சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர். கொள்கலன் லாரிகளின் வரிசையோடு இன்னும் வடக்கே போனால் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற முகத்துவாரம் அது.

இதே ஆற்றின் படுகையில், மேற்கே அத்திரம்பாக்கத்தில்தான் 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். வில் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஆற்றோரத்தில் ஒரு கை இன்னொரு கைக்குக் கல்லை எப்படி உடைப்பது என்று காட்டிக் கொடுத்திருக்கிறது.

ஆறு முடிகிற இடத்தில் இன்றும் வேட்டை நடக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் வலையில்லாமல், தூண்டிலில்லாமல், வெறுங்கையால் இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருளர் பழங்குடிக் குடும்பங்கள், வேறு உள்நாட்டு மீனவக் குடும்பங்கள், அவர்களில் நிறையப் பெண்கள். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தவாக்கில் நகர்ந்துகொண்டே சேற்றைத் தடவுகிறார்கள். பனையோலையில் முடைந்த பறியை வாயில் கவ்வியிருக்கிறார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறிக்கு வாய்தான் இடம். விரலுக்கு ஏதோ தட்டுப்படுகிறது. அது கல்லா, சிப்பியா, நண்டா, இறாலா என்று அந்த நொடியே தெரிய வேண்டும். தெரிந்த நொடியில் அது கைக்குள் இருக்க வேண்டும். பறியை யாரும் யாருக்கும் கொடுத்துவிடலாம், ஓலை இருந்தால் புதிதாகவே முடையலாம். விரலுக்குள் இருப்பதை அப்படிக் கொடுக்க முடியாது. தாயோடு தண்ணீரில் இறங்கிய பிள்ளைக்குத்தான் அது வரும்.

பழவேற்காட்டு ஏரியில் இன்னொரு வகைக் கைமாற்றம் உண்டு. பட்டினவர் என்கிற மீனவர்களின் ஊர்களில் பாடு என்கிற முறை. ஏரியில் நல்ல மீன் கிடைக்கிற இடங்களில் யார் எப்போது வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஊரில் தலைக்கட்டாக எண்ணப்படுகிறவருக்குத்தான் அந்த முறை கிடைக்கும். பையன் திருமணமாகித் தலைக்கட்டாகும்போது அவனுக்கும் ஒரு பங்கு வருகிறது. வலை வாங்கிவிடலாம், காசு இருந்தால் போதும். தண்ணீரில் ஓர் இடமும் ஒரு நாளும் உனக்கு என்று ஊர் சொன்னால்தான் அந்த வலைக்கு அர்த்தம். நாகன் கொடுத்த சுரிகையை என்னால் இந்தப் பாடு முறையில் பார்க்க முடிகிறது.

ஆனால் சீட்டில் விழுகிற இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், சேற்றைத் தடவுகிற கைக்குச் சேறு இருக்க வேண்டும். எண்ணூரில் அதுதான் போய்க்கொண்டிருக்கிறது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்களில் ஒழுகி, ஆண்டுக்கணக்கில் கழிமுகத்தில் படிந்து, ஆழத்தைத் தூர்த்துவிட்டது. 2017 ஜனவரி 28-இல் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரைக்கு வந்த எண்ணெயை மனிதர்கள் வாளியால் அள்ளிய காட்சி நாடு முழுக்கத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. படகிலும் வலையிலும் அலையாத்தி மர வேரிலும் அது அப்பிக்கொண்டது. எண்ணெய் ஒட்டிய வலையைத் தூக்கி எறியலாம். எண்ணெய்க்குள் அளைந்த கையை என்ன செய்வது? தோல் அரிப்பு, புண். இதையெல்லாம் எண்ணூர்க்காரர்கள் நீதிமன்றத்திலும் தெருவிலும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள்.

இழந்த வேட்டையைத் திரும்பப் பெற்ற கதையும் இதே இருளர் மக்களிடம் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு பாம்புத்தோல் தொழில் படுத்து, பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்கள் பிழைக்க வழியில்லாமல் நின்றார்கள். சட்டம் தேவையானதுதான், காட்டை இனியும் வேட்டையாடியே தீர்த்துவிட முடியாது. ஆனால் பாம்பின் தடத்தை மண்ணில் படிக்கிற ஒரு கூட்டத்தை என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை. அதற்கு ஒரு விடை 1978-இல் வந்தது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை உரிமத்தோடு பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, உயிரோடு திரும்ப விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்வதற்கான நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. பாம்பு வளையைத் தோண்டுகிற கடப்பாரை அதே கடப்பாரை, தடம் பார்க்கிற கண்ணும் அப்பன் பாட்டன் கண்தான். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புக் காட்டுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. முன்பின் பார்த்திராத காட்டிலும் அந்தக் கண் வேலை செய்தது. அதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அங்கே உரிமம் கிடைத்தது, பாம்பு இருந்தது, அதனால் மகன் கற்றுக்கொண்டான். எண்ணூரில் உரிமத்தை யாரும் பறிக்கவில்லை, வேட்டை நிலத்தைத்தான் மூடிக்கொண்டிருக்கிறோம். மின்சாரம் ஊருக்கு, பெட்ரோல் ஊருக்கு, சாம்பலும் எண்ணெயும் கழிமுகத்துக்கு என்று பிரித்துக்கொண்டது நாம்தான்.

இறால் தடவுகிற தாய்மார்களில் பலர், தங்கள் மகள் இந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது, படித்து வேறு வேலைக்குப் போகட்டும் என்றுதான் நினைக்கிறார்கள். அவர்களைப் பாரம்பரியத்தைக் காப்பாற்றச் சொல்லி அறிவுரை சொல்ல எனக்கு வாய் வராது. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறுகிற உடம்பு அவர்களுடையது. ஆனால் இப்போதைக்கு அந்த மகள் வேண்டாம் என்று சொல்லவும் அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

சாம்பலை எடுத்துக் கழிமுகத்தைச் சீராக்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்த வேலை முழுதாக நடக்கட்டும். தண்ணீர் ஆழப்பட்டு இறால் திரும்பிவரட்டும். பிறகு அவள் பறியை எடுப்பதா, புத்தகப் பையை எடுப்பதா, இரண்டையுமா என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.