காற்றை அகற்றும் பொறி: வாங்குமுன் ஒரு கணக்கு

வெளி மாநிலங்களில் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் பெரும்பாலும் ஓர் அலமாரித் தட்டு ஊருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். ஊரிலிருந்து வந்த வற்றல், வடகம், இடித்த மிளகாய்த்தூள், கருவாடு, நேந்திரங்காய் வறுவல் ஆகியவை அதில் அடங்கியிருக்கும். அடுத்த விடுமுறை வரும்வரை அவை தாங்கவேண்டும். தாங்குமா என்பதே கேள்வி. இக்கேள்விக்கு விடையாக இக்காலத்துக் கடைகளில் ஒரு சிறு மின்பொறி விற்கப்படுகிறது. உணவு இட்ட பையிலிருந்து காற்றை உறிஞ்சி, பையின் வாயைச் சூட்டினால் ஒட்டி மூடும் பொறி அது. கடைக்காரர்கள் அதனை ‘வேக்குவம் சீலர்’ என்கிறார்கள். பணத்துக்குத் தக்க பயன் தரும் பொறியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு.

இப்பொறியை நான் முதலில் பழகியது பாலராமபுரத்தில், என் அத்தையின் வீட்டில். திருவனந்தபுரத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே உள்ள கைத்தறி ஊர் அது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மரின் காலத்தில், வள்ளியூர்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தியதாக அவ்வூரின் வரலாறு கூறும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழ்நாட்டுடன் இணைந்தது. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்திலேயே நின்றன. ஆகவே இருந்த இடத்தை விட்டு நகராமலே வெளிமாநிலத் தமிழர் ஆனவர்களும் அப்பக்கத்தில் உண்டு.

அங்கே நெசவு குழித்தறியில் நடைபெறுகிறது. காற்றில் ஈரம் இருந்தால் பருத்தி நூல் எளிதில் அறாது. ஆனால் நூலுக்கு நன்மை செய்யும் அதே ஈரம் அடுக்களைக்குப் பகையாகிறது. ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் மற்றொன்று. இரண்டுக்கும் இடையே காயவைத்த வடகம் மீண்டும் நமுத்துவிடும். கருவாட்டில் பூஞ்சணம் படரும். அரிசியில் வண்டு புகும். அத்தை இவற்றோடு நெடுங்காலம் போராடியவர். ஆகவே அவருடைய மகன் இப்பொறியை வாங்கி வந்தபோது பெரிதும் மகிழ்ந்தார்.

நானும் மகிழ்ந்தேன். மகிழ்ந்ததோடு நில்லாமல், “காற்று இல்லாவிட்டால் உணவு கெடாது” என்று அவருக்கு விளக்கமும் உரைத்தேன். அந்த விளக்கத்தின் பயனைச் சற்றுப் பின்னர்ச் சொல்லுகிறேன். முதலில், பொறி செய்யும் வேலை யாது என்பதைப் பார்ப்போம்.

பையிலிருந்து காற்றை எடுத்தால் மூன்று நன்மைகள் உண்டு. எண்ணெய்ப்பசையுள்ள பண்டங்களில் காறல் வாடை ஏறுவது தாமதமாகும். ஏனெனில் காறலுக்குக் காரணம் காற்றிலுள்ள பிராணவாயு. பூஞ்சணமும் வண்டும் அவ்வாயுவின்றிப் பெருக மாட்டா. உறைபெட்டியில் வைக்கும் மீனும் இறைச்சியும் மேற்புறம் உலர்ந்து வெளுத்துப்போவதில்லை. ஆயினும் வீட்டுப் பொறி காற்றை முற்றிலும் நீக்குவதில்லை. சிறிது எஞ்சியே நிற்கும். மொழிபெயர்ப்பாளர்களாகிய நாங்கள் இதற்கு ‘வெற்றிடம்’ என்று பெயரிட்டு எழுதுகிறோம். அச்சொல் உண்மையைக் காட்டிலும் சற்று மிகையானது.

இனித் தேர்வுக்கு வருவோம். சந்தையில் மூன்று வகைகள் உண்டு. முதலாவது, கையடக்கமான உறிஞ்சி; பற்பட்டை வாயுள்ள பைகளோடு வரும். விலை குறைவு, பைகளைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் வாய் வழியே காற்று மெல்ல உட்புக இடமுண்டு. சில வாரங்களுக்கு மட்டும் வைப்போர்க்கு இது போதும். இரண்டாவது, பையின் விளிம்பைக் கவ்வி உறிஞ்சி ஒட்டும் பொறி. வீடுகளில் மிகுதியும் காணப்படுவது இதுவே. மூன்றாவது, பையை முழுதும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடும் பொறி. குழம்பு போன்ற நீர்ப்பண்டங்களையும் மூட வல்லது. ஆனால் கனமும் விலையும் மிகுதி. தின்பண்டம் செய்து விற்பவர்களுக்கே இது ஏற்றது.

இரண்டாம் வகையை வாங்குவோர் கவனிக்கவேண்டியவை சில. ஒட்டும் பட்டையின் நீளம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் இருந்தால் பெரிய பைகளும் அடங்கும். ஒட்டுக் கோடு அகலமாகவோ இரட்டையாகவோ இருத்தல் நன்று. உறிஞ்சுவதை நடுவில் நிறுத்தி ஒட்டுவதற்குத் தனிப் பொத்தான் வேண்டும். இல்லையேல் வறுவலும் முறுக்கும் பைக்குள் நொறுங்கித் தூளாகும். அடுத்தடுத்து எத்தனை பைகளை மூடலாம், இடையே எவ்வளவு நேரம் பொறியை ஆறவிட வேண்டும் என்று கேட்டறிக. மூடியின் உட்புறமுள்ள மெத்தென்ற வளையம் நாளடைவில் தேயும். அது தனியே கிடைக்குமா என்பதையும் கேட்க வேண்டும். கிடைக்காவிடில், அவ்வளையம் தேயும் நாளே பொறியின் இறுதி நாள்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பிடி அரிசியைப் பையிலிட்டு மூடச் சொல்லுங்கள். பையை நீரில் அமிழ்த்தி அழுத்துங்கள். குமிழி எழுந்தால் ஒட்டு சரியில்லை. ஒரு நாள் கழித்தும் அரிசி கல்லைப்போல் இறுகி நிற்குமானால் பொறி நல்லது. வீட்டில் மாவு, தூள் வகைகளை மூடும்போது பையின் வாயைத் துணியால் துடைத்துவிட்டு மூடுக. வாயில் ஒட்டிய தூளே பல ஒட்டுகள் விட்டுப்போவதற்குக் காரணம்.

எல்லாவற்றினும் முக்கியமானது பையின் விலை. விளிம்பு கவ்வும் பொறிகள் பெரும்பாலும் உட்புறம் வரிவரியாக அமைந்த பைகளையே ஏற்கும். சாதாரணப் பாலித்தீன் பை பயன்படாது; அதன் வழியே பிராணவாயு மெல்ல ஊடுருவும். ஒரு கணக்குப் போடுவோம். பொறி 2,500 ரூபாய், பை ஒன்றுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 4 பைகள் என்றால் ஆண்டுக்கு 208 பைகள். செலவு 2,080 ரூபாய். மூன்றாண்டில் பைக்கு மட்டும் 6,240 ரூபாய் ஆகிறது. மற்றொரு பொறி 1,000 ரூபாய் கூடுதல். ஆனால் பிறர் செய்யும் 6 ரூபாய்ப் பையையும் ஏற்கும் என்போம். அதில் ஆண்டுச் செலவு 1,248 ரூபாயே. கூடுதலாகக் கொடுத்த ஆயிரம் பதினைந்து மாதங்களுக்குள் திரும்பிவிடும். ஆகவே விலைச்சீட்டைப் பார்க்குமுன் பையின் விலையைக் கேளுங்கள்.

அதற்கும் முன்னே செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒரு மாத காலம், வீட்டில் கெட்டுப்போய் எறியும் பொருள்களின் விலையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அத்தொகை பைகளின் செலவைவிடக் குறைவாயின், பொறி தேவையில்லை; இறுக மூடும் கண்ணாடிச் சாடிகளே போதும். அரிசி வண்டுக்கு அஞ்சுவோர், புதிதாக வாங்கிய அரிசியைச் சிறு சிறு பொட்டலமாக நான்கு நாள் உறைபெட்டியில் வைத்தெடுத்து, அறையின் வெப்பத்துக்கு வந்த பின்னர்ச் சாடியில் இட்டு வைக்கலாம்.

இப்பொழுது என் விளக்கத்தின் பயனைச் சொல்லவேண்டும். சென்ற முறை நான் ஊர் திரும்பியபோது, அத்தை தேங்காய் அரைத்துவிட்ட மீன்குழம்பை உறையவைத்து, அக்கட்டியைப் பொறியில் மூடி என்னிடம் தந்தார். தில்லிக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு நாள். குழம்பு வழியிலேயே உருகியது. வீட்டை அடைந்தபோது, இறுகியிருந்த பை தலையணைபோல் உப்பியிருந்தது. பிள்ளைகள் ஆவலோடு தட்டை எடுத்து வைத்துவிட்டார்கள். நல்லவேளையாக என் மனைவி அதனைப் பிரிக்கவிடாமல் எறிந்துவிட்டாள். தொலைபேசியில் சொன்னபோது அத்தை கேட்டார்: “மக்களே, காத்து இல்லைன்னா கெடாதுன்னு நீதானே சொன்ன?”

நான்தான் சொன்னேன். பிழை பொறியினுடையதன்று, என்னுடையது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்களும் உண்டு. அவற்றுள் ‘கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம்’ என்பது மிகக் கொடியது. அதன் வித்துகள் கொதிநீரிலும் மடியமாட்டா. காற்று நீங்கிய, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள பையில் அது நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு நரம்புகளைத் தாக்கி உயிரையும் போக்கக்கூடியது. பை உப்பினால் அது ஓர் எச்சரிக்கை. ஆனால் உப்பாத பையெல்லாம் நல்லது என்று கொள்வதற்கில்லை. நிறமும் மணமும் மாறாமலே நஞ்சு இருக்கக்கூடும். ஐயம் எழுந்தால் சுவைத்துப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

ஆகவே சில விதிகளை நினைவிற்கொள்க. குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டிய பொருள், காற்றை நீக்கிய பின்னும் 5 பாகைக்கு மேற்படாத குளிரிலேயே இருக்கவேண்டும்; நெடுநாளுக்காயின் உறைபெட்டியில், சுழிக்குக் கீழே 18 பாகையில் வைக்கவேண்டும். சமைத்த உணவை மூடி ரயிலில் கொண்டுசெல்லலாகாது. பச்சைப் பூண்டையும் காளானையும் இவ்வாறு மூடுதல் கூடாது. உறைந்த மீனை உருகவிடுமுன் பையை வெட்டித் திறந்துவிடுக. பச்சை மீனும் இறைச்சியும் இருந்த பையை மீண்டும் பயன்படுத்தற்க.

நம் முன்னோர் ஊறுகாயின்மேல் நல்லெண்ணெய் மிதக்கவிட்டதும் காற்றைத் தடுப்பதற்கே. ஆனால் அவர்கள் எண்ணெயை மட்டும் நம்பவில்லை. முதலில் உப்பிட்டார்கள், வெயிலில் வைத்தார்கள், புளிப்புச் சேர்த்தார்கள். எண்ணெய் இறுதியில் வந்தது. இப்பொறியும் அந்த எண்ணெயின் இடத்தில் நிற்பதே. நன்றாகக் காய்ந்த வற்றலுக்கும் கருவாட்டுக்கும் அது உற்ற துணை. காயாத பொருளைக் காக்க அதனால் இயலாது.

அத்தை இப்போதும் பொறியைப் பயன்படுத்துகிறார். சென்ற மாதம் வந்த பொதியில் வடகமும் மிளகாய் வற்றலும் நெத்திலிக் கருவாடும் இருந்தன. பைகள் இறுகியிருந்தன, உள்ளிருந்தவை மொறுமொறுவென்று இருந்தன. மீன்குழம்பை நாங்கள் இனி ஊருக்குப் போய்த்தான் உண்ணுவோம்.