கருப்பைப் புற்றுநோயும் குடும்ப வரலாறும்

நம் தாய்மார்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒரு செய்தியைப் பற்றி இன்று பேசுகிறோம். மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் ஆன ஒரு தாய்க்குத் திடீரென்று உதிரம் படுகிறது. "உடம்புச் சூடு, வெந்தயம் ஊற வைத்துக் குடி" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். மகளிடம் சொல்ல வெட்கம்; மருத்துவரிடம் சொல்ல அச்சம். மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த உதிரம் சாதாரணக் காரணத்தால் வந்திருக்கலாம். கருப்பையின் உட்படலத்தில் தோன்றும் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

இந்த நோய் எப்படி உண்டாகிறது?

கருப்பையின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அதை வளர்க்கிறது. புரொஜெஸ்டெரோன் என்னும் மற்றொரு ஹார்மோன் அந்த வளர்ச்சியை அடக்கி வைக்கிறது. கரு தங்காவிட்டால் படலம் உரிந்து வெளியேறி, மறுபடியும் வளர்கிறது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெட்டிய இடத்தில் பட்டை மீண்டும் வளர்வதைப் பார்த்தவர்கள் அல்லவா நாம்?

படலம் வளர வேண்டுமானால் உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டும். ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. தாய்வழி ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள், தந்தைவழி 300 கோடி எழுத்துகள். பிரியும்போதெல்லாம் இத்தனை எழுத்துகளையும் படி எடுத்தாக வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிள்ளை ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிடுவதை வகுப்பில் அன்றாடம் காண்கிறோம். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார். உயிரணுவிலும் அப்படித் திருத்தும் மரபணுக்கள் இருக்கின்றன. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்னும் நான்கும் அவற்றுள் முக்கியமானவை.

திருத்துகிறவர் இல்லாவிட்டால் பிழைகள் குவியும். பி.டி.இ.என். என்னும் மரபணு, வளர்ச்சிக்குப் பிரேக் போன்றது. அதில் பிழை விழுந்தால் உயிரணு நிற்காமல் பெருகும். பி-53 என்னும் மரபணு, பழுதான உயிரணுவைத் தடுத்து நிறுத்தும் காவலாளி. அதுவும் கெட்டுப்போனால் நோய் கடுமையாகும்.

பெரும்பாலோருக்கு இந்த நோய் பரம்பரையாக வருவதில்லை. அடக்கும் ஹார்மோன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் பல ஆண்டுகள் வேலை செய்வதே முக்கிய காரணம். மாதவிலக்கு நின்ற பிறகும் உடலின் கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் உண்டாகிறது. ஆகவே உடல் பருமன் உள்ளவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், இளவயதில் மாதவிலக்கு பல மாதங்கள் வராமலே இருந்தவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஆயினும், நோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய மூவருக்கு இது பரம்பரை வழியாக வருகிறது. இது தெரியவந்த கதை நாம் அறிய வேண்டிய ஒன்று.

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்னும் மருத்துவர் இருந்தார். அவர் வீட்டுக்குத் தையல் வேலை செய்த பெண் ஒருவர், தாம் இளவயதிலேயே இறந்துவிடுவோம் என்று வருந்தினார். தம் குடும்பத்தில் பலர் குடல் புற்றுநோயாலும் கருப்பைப் புற்றுநோயாலும் மாண்டுபோனார்கள் என்றார். வார்த்தின் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் வரலாற்றைக் குறித்து வைத்து, 1913இல் வெளியிட்டார். அந்தப் பெண்ணோ, தாம் அஞ்சியபடியே கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். பிற்காலத்தில் ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இதுபோன்ற குடும்பங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். இன்று இது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டில், அந்தத் தையற்காரப் பெண்ணின் குடும்பத்தில் பழுதாகியிருந்தது எம்.எஸ்.எச்.2 என்னும் திருத்தும் மரபணுவே என்று கண்டறிந்தார்கள்.

இந்தப் பழுது பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. மகனுக்கும் வரலாம், அவனுக்குக் குடல் புற்றுநோயாக வெளிப்படலாம். முன்கூட்டியே தெரிந்தால் குடலைக் கருவி விட்டு அவ்வப்போது பரிசோதித்து, தொடக்கத்திலேயே நோயைத் தடுக்கலாம்.

மருத்துவமும் முன்னேறியிருக்கிறது. 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 373 கட்டிகளை ஆராய்ந்து, மரபணுக்களைக் கொண்டு இந்நோயை நான்கு வகையாகப் பிரித்தார்கள். திருத்தும் மரபணு பழுதான கட்டிகளில் பிழைகள் மிகுதி. அதனால் நம் உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றை எளிதில் அடையாளம் காணும். அந்தச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் இத்தகைய நோயாளிகளில் பலருக்கு நல்ல பலன் தருகின்றன.

நேயர்களே, நாம் செய்யவேண்டியவை இரண்டு.

முதலாவது, மாதவிலக்கு நின்ற பின் ஒரே ஒரு முறை உதிரம் பட்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். இந்நோய் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உதிரம்தான் அடையாளமாக இருந்திருக்கிறது. அதே வேளை, இப்படி உதிரம் படுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கே புற்றுநோய். ஆகவே அஞ்ச வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் காட்டினால், தேவைப்படும்போது பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். நம் ஜொகூரில் குளுவாங், சிகாமட், மூவார், ஜொகூர் பாரு ஆகிய ஊர்களில் அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே ஸ்கேன் எடுத்து, படலத்தில் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பார்கள். "பாப் ஸ்மியர் எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள்" என்று இருந்துவிடாதீர்கள். அது கருப்பை வாய்க்கான சோதனை. தொடக்கத்தில் கண்டுபிடித்தால், அறுவை சிகிச்சையாலேயே பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

இரண்டாவது, பிள்ளைகளின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்வழியிலும் தந்தைவழியிலும் யாருக்கு எந்தப் புற்றுநோய், எந்த வயதில் வந்தது என்று எழுதுங்கள். நம் தோட்டங்களில் "வயிற்றில் கட்டி", "இரத்தப் போக்கு" என்று சொல்லிப் புதைத்த மரணங்கள் எத்தனையோ. தோட்டத்தை விட்டுப் பட்டணங்களுக்குச் சிதறிப்போன உறவினர்களையும் கேளுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். ஐம்பது வயதுக்கு முன் ஒருவருக்கோ, ஒரே வழியில் இருவர் மூவருக்கோ கருப்பை அல்லது குடல் புற்றுநோய் வந்திருந்தால், அந்தப் புத்தகத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தத் தையற்காரப் பெண் தம் அச்சத்தை வெளியே சொன்னார். அவரைக் காப்பாற்ற அன்று வழியில்லை. இன்று வழி இருக்கிறது. சொல்ல வேண்டியதுதான் நம் பொறுப்பு.