காவல் நிலையத்து வாயிலும் நம் குலத்தாரும்

(குரங்கணியில் கூடிய கிளைச் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

காவல் துறையார் பொதுமக்களுக்குச் செய்யும் உதவிகளைப்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். இதனைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர் நகைத்து, "வாத்தியாரையா, அந்த வாசலை மிதிக்காமல் இருப்பதுதான் நமக்குப் பெரிய உதவி" என்றார். அவர் மொழியை யான் விளையாட்டென்று தள்ளேன். அதனுள் நூறாண்டுத் துன்பம் அடங்கிக் கிடக்கின்றது.

நம் முன்னோர் ஊர்க்காவல் புரிந்து, அதற்குரிய கூலியாகிய காவற்சுதந்திரம் பெற்று வாழ்ந்தவர். 1859-ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் சட்டத்தால் அரசாங்கப் போலீஸ் ஏற்பட்டபின் அத்தொழிலுக்கு இடமின்றாயிற்று. 1871-இல் வடநாட்டில் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவுற்றது. ஊரைக் காத்தவரே காவலுக்குட்பட்டவராயினர். பிறந்த குடியையே குற்றமாக்கிய அச்சட்டத்தை நம்மவர் 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். பதிவு செய்யப்பட்ட ஆடவர் இரவுதோறும் குறித்த இடத்தில் வந்து படுத்தல் வேண்டும். அயலூர் செல்லச் சீட்டுப் பெறல் வேண்டும். என் பாட்டனார் சிறுவராயிருந்த காலத்தே, அந்திதோறும் தம் தந்தையார் போர்வையைத் தோளிலிட்டு நிலையத்துக்குப் புறப்படுவதைத் திண்ணையிலிருந்து பார்ப்பாராம். தம் முதுமையிலும் அவர் அவ்வழியே செல்லாது, சுற்றுவழியே நடப்பார்.

ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிப் பிரயோகத்தையும், அதில் மாண்ட மாயக்காள் முதலியோரையும் நாம் ஆண்டுதோறும் நினைந்து அஞ்சலி செலுத்துகின்றோம். அப்போது நமக்காக வழக்காடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை நம்மவர் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். அதன்பின் அவ்வரசாங்கமே கள்ளர் சீரமைப்புத் திட்டம் என்று ஒன்றை வகுத்துப் பள்ளிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் பஞ்சாயத்துகளையும் அமைத்தது. போலீஸாரும் அதில் பங்கு கொண்டு நடத்தினர். ரேகை வாங்கிய கையே பலகையும் பல்பமும் கொடுத்தது. அப்பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடைபெறுகின்றன. அவற்றிற் பயின்று உயர்ந்தோர் பலர். கல்வியை நம்மவர் ஏற்றனர். ரேகையை எதிர்த்து நின்றனர். 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ளிய அவர்தம் விவேகமே இன்றும் நமக்கு வழிகாட்டியாகும்.

சட்டம் ஒழிந்தும் அச்சம் ஒழிந்திலது. மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் கூலிவேலைக்குச் செல்லும் அம்மையார் ஒருவர், மகள் திருமணத்திற்கெனச் சேர்த்த தொகையைத் தொலைபேசியில் பேசிய வஞ்சகன் ஒருவனிடம் இழந்தார். அவர்தம் மகன் என் மாணாக்கன். எட்டு நாள் கழித்தே அவன் என்னிடம் வந்து அழுதான். "உடனே ஏன் சொல்லவில்லை?" என்றேன். "ஸ்டேஷன் வாசல் ஏறினால் கலியாணம் நின்றுபோகும் என்று அப்பத்தா சொல்லிவிட்டது, ஐயா" என்றான். 1930 என்னும் எண்ணுக்கு அன்றே தெரிவித்திருப்பின், பணம் கைமாறிப் போகுமுன் வங்கியில் நிறுத்தி வைக்க இடமுண்டு. எட்டு நாளில் அது எங்கெங்கோ சென்றுவிட்டது. அம்மையாரின் பொருளைக் கவர்ந்தவன் வஞ்சகன். மீட்கும் வாய்ப்பைக் கவர்ந்ததோ நம் பழைய அச்சம்.

ஆதலின் நமக்குரிய உதவிகள் இவையென அறிதல் வேண்டும். அவசரத்துக்கு 112, இன்னலுறும் பெண்டிர்க்கு 181, குழந்தைகட்கு 1098. தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னையில் முதன்முதல் தோன்றிற்று. இன்று போடியிலும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எவ்வெல்லையில் நிகழ்ந்ததாயினும் எந்நிலையத்திலும் முறையிடலாம். கேரளத் தோட்டங்களுக்குச் சென்றுவரும் நம்மவர்க்கு இது பெரிதும் பயன்படும். முதல் தகவல் அறிக்கையின் படியொன்றை முறையிட்டவர்க்கு இலவசமாகத் தருதல் வேண்டும். பதிவு செய்ய மறுத்தால், மாவட்டக் கண்காணிப்பாளர்க்குத் தபாலில் எழுதலாம். சாட்சியாக விசாரிக்கும் பொருட்டுப் பெண்டிரையும் 60 வயது கடந்தோரையும் நிலையத்துக்கு வருமாறு வற்புறுத்தல் ஆகாது. அவரிருக்கும் இல்லத்திலேயே விசாரித்தல் வேண்டும். இவை யாருடைய தயவாலும் பெறுவன அல்ல. சட்டம் நமக்கு அளித்த உரிமைகள்.

இனி, மற்றொரு பக்கமும் சொல்லாது விடேன். சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட இடத்தை நினைமின். அவன் தோற்றத்தைக் கண்ட காவலர் இவன் கள்வனாகான் என்று தயங்கினர். பொற்கொல்லனோ கள்வர் திறம்பற்றிக் கதைகதையாகக் கூறி அவர்தம் ஐயத்தைப் போக்கினான். குடிவெறி கொண்ட ஒருவன் வாளோச்சினான். விசாரணையின்றி எழுந்த அவ்வாள் மதுரையையே எரித்தது. வள்ளுவனார் செங்கோன்மைக்கு அடுத்தே கொடுங்கோன்மையை வைத்ததும், இரண்டிற்கும் இடைவெளி சிறிது என்பதைக் காட்டவே போலும்.

1993-இல் இராமநாதபுரத்தில் 'காவல்துறை நண்பர்கள்' என்னும் இயக்கம் நன்னோக்கத்தோடு தொடங்கப்பெற்றது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் துன்புற்று மாண்டபோது, அத்தொண்டர்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த திங்களே அரசாங்கம் அவ்வியக்கத்தைத் தடை செய்தது. நம் இளைஞர் இதிலிருந்து கற்கவேண்டுவது ஒன்றுண்டு. காவலர்க்கு உதவுக; பிறரை அதட்டவும் அடிக்கவும் துணைபோகற்க. போலீஸார் நடத்தும் சிறார் மன்றத்துக்கும் போதையொழிப்புக் கூட்டத்துக்கும் பிள்ளைகளை மனமுவந்து அனுப்புக. பொறுப்பேற்கும் சட்டமின்றித் தடியேந்தச் சொன்னால் மறுத்து வருக.

மெய்யான நட்பு யாதெனில், இம்மலையே சான்று கூறும். 2018 மார்ச்சு 11-ஆம் நாள் மேலே காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்தபோது முதலில் ஓடியவர் இவ்வூராரும் மலைவாழ் மக்களும். யாருடைய கட்டளைக்கும் அவர் காத்திருக்கவில்லை. பின்னர்ப் போலீஸாரும் தீயணைப்போரும் வனத்துறையாரும் வந்து சேர்ந்தனர், வானூர்திகளும் வந்தன. 23 உயிர்கள் போயின. ஆயினும் உயிரோடு இறங்கியவர் சிலர் இவ்வூரார் தோள்மீது இறங்கினர். அவ்விரவில் சீருடையுடுத்தாரும் வேட்டியுடுத்தாரும் ஒரே கட்டிலை ஏந்தினர். யார் எக்குலத்தார் என்று யாரும் வினவினாரல்லர். காவல் என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் அறிந்த பொருள் அதுவே.

பெரியோர்களே! சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் ஒன்றே. முறையிட அஞ்சும் ஏழையரோடு உடன்சென்று, மனு எழுதிக்கொடுத்து, ரசீது பெற்றுத் திரும்புதற்குப் படித்த இளைஞர் இருவரை இக்கிளை இன்றே நியமித்தல் வேண்டும். நம் குலத்தாரேயன்றி எக்குலத்தார் அழைப்பினும் அவர் செல்லவேண்டும். அன்று நம் பாட்டன்மார் தலைகுனிந்து ஏறிய அவ்வாயிலில் நம் பேத்தி மனுவோடு நிமிர்ந்து ஏறுவாளாக.