எலியா வந்துபோகும் அபார்ட்மென்ட்

சிட்லபாக்கத்துலருந்து இந்த வாரம் ஒரு நாவல். எஸ்தர் டேவிட் எழுதிய ‘ஷாலோம் இந்தியா ஹவுசிங் சொசைட்டி’. 2007-ல் ஆங்கிலத்தில் வந்தது.

இந்திய யூதர்னா நமக்கு மட்டாஞ்சேரிதான் ஞாபகம் வரும். இது அகமதாபாத் கதை. எஸ்தர் அந்த ஊர்ப் பொண்ணு. அவங்க அப்பா ரூபன் டேவிட்தான் காங்கரியா ஏரிக்கரையில் மிருகக்காட்சி சாலையை உருவாக்கினவர். (நம்ம ஏரிக்கரையில நாய்கள் மட்டும்தான், அதை விடுங்க.)

இவங்க சமூகத்துக்கு ‘பெனே இஸ்ரேல்’னு பேரு. முன்னோர்கள் கொங்கண் கரையில செக்கு ஆட்டினவங்க. சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொட மாட்டாங்க. அதனால ஊர் வச்ச பேரு ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரங்க. வேண்டுதல்னா எலியா தீர்க்கதரிசிக்கு அவல், தேங்காய், பழம் கலந்து ‘மலீதா’ படைப்பாங்க. பாஸ்கா ராத்திரி அவருக்குன்னு தனியா ஒரு கிளாஸ் ஒயின். நாவல்ல அந்த எலியாவே ஒரு பாத்திரமா வந்துபோறார்! பசங்க பாடுதான் திண்டாட்டம். வீட்டுல ஹீப்ரு ஜெபம், தெருவுல நவராத்திரி கர்பா, சொந்தக்காரங்க பாதிப் பேர் இஸ்ரேல்ல.

போர்ச்சுகீசியர்களை விட்டுட்டா, இந்தியாவுல யூதர்களை யாரும் துரத்தினதில்லன்னு பெருமையா சொல்லுவோம். பெரும்பாலும் உண்மைதான். ஆனா 2002 கலவரம் வருது. யூத ஆண்களுக்கும் சுன்னத் உண்டு. ஒரு கும்பல் நிறுத்தி பேன்ட்டைக் கழட்டச் சொன்னா, உட்கார்ந்து பெனே இஸ்ரேல் வரலாறா சொல்ல முடியும்? இந்தப் பயத்துலதான் நாவல்ல அவங்க சேர்ந்து ஒரு குடியிருப்பு கட்டிக்கிறாங்க.

எழுத்து ரொம்ப ஜாலி. ஆனா சிரிச்சிட்டே படிக்கும்போது இந்த இடம் தொண்டையில் நிக்குது. அந்த வெறுப்பு இவங்க மேல இல்ல, வேற ஒருத்தர் மேல. தப்பிக்கணும்னா ‘நான் அவன் இல்லை’ன்னு சொல்லணும். சொன்னா, அவனா இருந்தா அடிக்கலாம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுதே!

அகமதாபாத்துல மட்டும்னு நினைக்காதீங்க. போன மாசம் என் ஃப்ரெண்ட் இங்க வாடகைக்கு வீடு தேடினான். போன்ல பேரைச் சொன்னதும், “இப்பதாம்பா ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்தாரு”ன்னாங்க. மறுநாள் நான் கூப்பிட்டேன். வீடு காலிதான், எப்ப வேணா வந்து பாருங்கன்னாங்க. என் பேரு அவங்களுக்குப் போதுமானதா இருந்துச்சு.

என் புத்தகம் இப்ப அவன்கிட்டதான் இருக்கு. மாடம்பாக்கத்துல வீடு கிடைச்சிருச்சாம். சாமான் ஏத்துற அவசரத்துல இன்னும் பாதிகூடப் படிக்கல.