மேடானில் இறங்கிய பிறகு



நம் பினாங்கின் சூலியா தெருவில் எக்ஸ்ரே உறையும் கையுமாக வாடகைக் காருக்குக் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் சுமத்ராக்காரர்கள். அந்தத் தீவின் மேடான் நகரிலிருந்து இங்கே பறந்து வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஜகார்த்தாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். மேடான் சீனர்களின் ஹொக்கியனும் நம்மூர் ஹொக்கியனும் ஏறக்குறைய ஒன்று. 2024-இல் ஐ.எச்.எச். மருத்துவமனைக் குழுமம் ஏறத்தாழ 400 கோடி ரிங்கிட் கொடுத்து நம்மூர் ஐலண்ட் மருத்துவமனையை வாங்கியதே, அதில் கணிசமான தொகை இந்த மக்கள் இங்கே வரும் வழக்கத்துக்குக் கொடுத்த விலை என்பது என் கணக்கு.

அந்த வழக்கம் நிலைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2020 மார்ச் 18-இல் கோவிட் பெருந்தொற்றால் எல்லையை மூடினார்கள், வார்டுகள் வெறிச்சோடின. 2023-இல் இந்தோனேசியா புதிய சுகாதாரச் சட்டம் இயற்றி வெளிநாட்டு மருத்துவர்களுக்கு வழிவிட்டது. 2025-இல் பாலியின் சானூரில் பன்னாட்டு மருத்துவமனையே திறந்துவிட்டார்கள். நாமோ அதே ஆண்டு ஜூலையில் வெளிநாட்டு நோயாளிகளுக்கு 6 விழுக்காடு சேவை வரி போட்டோம்! நோயாளிகளைத் தேடி வெளிநாட்டுக்கே போய் மருத்துவமனை வாங்கிப்போடுவதும் லேசல்ல. ஐ.எச்.எச். 2018-இல் இந்தியாவின் ஃபோர்டிஸில் 31 விழுக்காடு வாங்கியது; முந்தைய உரிமையாளர்கள்மீது ஒரு ஜப்பானிய நிறுவனம் தொடுத்திருந்த வழக்கால், அடுத்த கட்டப் பங்குக் கொள்முதல் உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் முடங்கியது.

இவற்றையெல்லாம் இயக்குநர் குழு பார்த்துக்கொள்ளும். பட்டம் பெறும் தாதியரே, மருத்துவமனை நிர்வாகவியல் பட்டதாரிகளே, உங்கள் மேசைக்கு வரப்போவது வேறு. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திய ஒரு அம்மா மேடான் திரும்புகிறார். வார்ஃபரின் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அடிக்கடி சோதித்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கூடினால் இரத்தக்கசிவு, குறைந்தால் இரத்தக்கட்டி. அங்குள்ள மருத்துவர் அறுவை செய்தவரில்லை, பொறுப்பேற்கத் தயங்குவார். மகள் சோதனைச் சீட்டைப் படம்பிடித்து இரவு பத்து மணிக்கு நம் தாதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். தாதி பதில் சொல்லலாமா? சொன்னால் அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா? தவறு நேர்ந்தால் எந்த நாட்டுச் சட்டம்?

நான் பார்த்தவரை, மேடானில் நம் மருத்துவமனைகள் வைத்திருக்கும் அலுவலகங்கள் முன்பதிவுக்குத்தான். அங்கேயே ஒரு கிளினிக்கோடு ஒப்பந்தம் போட்டு, கட்டணத்தில் பங்கு கொடுத்து, மருத்துவமனை விடுவிப்புக் கடிதத்தை இந்தோனேசிய மொழியில், மருந்தின் பொதுப்பெயரோடு எழுதி அனுப்பலாம். புதுக் கட்டடத்துக்கு ஆகும் செலவில் இது கால் தூசு. சானூரில் எத்தனை கட்டில் போட்டாலும், தன் மருந்தளவை மாதாமாதம் கவனிக்கும் இடத்தைவிட்டு அந்த அம்மா எளிதில் போகமாட்டார்.