வாக்கி-டாக்கியில் புருவம் தெரியாது

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "கனடாவில் என்னப்பா பண்றே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசிடு" என்றார். நான் பண்ணுவது பம்பும் குழாயும். அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினால் பாதிப் பேர் பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விடுவீர்கள். ஆகவே, வேலை நேரம் போக இரண்டு குளிர்காலம் நான் நடத்திய ஒரு மாலை வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

கனடாவின் வடகோடியில் நூனவுட் என்றொரு ஆட்சிப்பகுதி. 'நம் நிலம்' என்று பொருள். இனூயிட் மக்கள் 1993-இல் கனடா அரசோடு செய்துகொண்ட நில ஒப்பந்தத்தின் பயனாக, 1999 ஏப்ரல் 1-ஆம் தேதி அது பிறந்தது. பரப்பளவு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் பதினைந்து மடங்குக்கு மேல். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையோ 36,858 தான். மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ரோடு கிடையாது, விமானம்தான். டீசலும் மற்ற கனமான சரக்கும் கோடையில் கடல் உருகும்போது கப்பலில் வந்தால் உண்டு. நாம் பள்ளிப் புத்தகத்தில் 'எஸ்கிமோ' என்று படித்தவர்களில் இவர்களும் உண்டு. அந்தப் பெயரை அவர்கள் விரும்புவதில்லை. 'இனூயிட்' என்றால் 'மக்கள்'.

ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் ராங்கின் இன்லெட் என்ற ஊர். சுமார் 3,000 பேர். நிலம் ஆண்டு முழுதும் அடியில் உறைந்தே கிடக்கும். அங்கே குடிநீர்க் குழாய் உறையாமல் இருக்க வேண்டுமானால், தண்ணீரைச் சூடாக்கி, நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடவிட வேண்டும். அந்தப் பம்பு நிலைய வேலைக்காகத்தான் போயிருந்தேன். அப்போது உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில், "மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேலையிடத்தில் பேசும் முறையையும் குழுவாக வேலை செய்வதையும் கொஞ்சம் சொல்லித்தர முடியுமா?" என்று கேட்டார்கள். வாரம் ஒரு மாலை, பதினான்கு பிள்ளைகள்.

இதற்கு என்ன அவசியம் என்று கேட்பீர்கள். நூனவுட் மக்களில் சுமார் 85 சதவீதம் இனூயிட். அரசு வேலைகளிலும் அந்த விகிதம் வரவேண்டும் என்று 1993 ஒப்பந்தத்தின் 23-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் நூனவுட் அரசின் வேலைகளில் ஏறக்குறைய பாதிதான் அவர்கள் கையில். மேற்பதவிகளில் இன்னும் குறைவு. ராங்கின் இன்லெட்டுக்கு வடக்கே 25 கிலோமீட்டர் தூரத்தில் 2019 முதல் ஒரு தங்கச் சுரங்கம் நடக்கிறது. வேலை இல்லாமலில்லை. ஆனால் சேர்ந்த பிள்ளைகள் சில வாரத்தில் நின்றுவிடுகிறார்கள், அல்லது நிறுத்தப்படுகிறார்கள். "கம்யூனிகேஷன் போதாது, டீம் ஸ்பிரிட் இல்லை" என்று காகிதத்தில் எழுதி மூடிவிடுகிறார்கள்.

தெற்கேயிருந்து ஒரு கையேடு வந்திருந்தது. அதில் குழுப்பணிக்கு ஒரு பயிற்சி: உங்கள் விமானம் பனிக்காட்டில் விழுந்துவிட்டது, கையிலிருக்கும் பொருட்களை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துங்கள், பத்து நிமிடம். சரியான விடை கடைசிப் பக்கத்தில். யாருக்கு யார் பரீட்சை வைக்கிறது பாருங்கள்! பிள்ளைகள் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு, "விமானத்தில் பெரியவர் யாராவது இருந்தாரா?", "காற்று எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். ஒரு பையன், நிலையாக வீசும் காற்று பனியில் நாக்கு வடிவத்தில் மேடு கட்டியிருக்கும், அதை வைத்தே திசை பிடிக்கலாம் என்று பலகையில் வரைந்து காட்டினான். பத்து நிமிட வேலைக்கு நாற்பது நிமிடம் ஆனது. ஏனென்றால் ஓட்டுப் போட்டு முடிக்கவில்லை; ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டு, எல்லோருக்கும் சம்மதம் வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மொழியில் இதற்கு 'ஆயீகதிகீன்னிக்' என்று பெயர். நூனவுட் அரசு தன் எட்டு வழிகாட்டு நெறிகளில் ஒன்றாகவே இதை வைத்திருக்கிறது. அவர்களுடைய சட்டமன்றத்தில் கட்சிகளே கிடையாது, தெரியுமா?

குழுவாக வேலை செய்வது இவர்களுக்குப் புதிதல்ல. கடல் உறைந்த காலத்தில் ஒரு சீல் மூச்சுவிடப் பல துளைகளை வைத்திருக்கும். எந்தத் துளையில் தலை காட்டும் என்று தெரியாது. ஆகவே அந்தக் காலத்தில் ஆளுக்கொரு துளையருகே, ஒரு சொல் பேசாமல், அசையாமல், மணிக்கணக்கில் நிற்பார்கள். சத்தம் கேட்டால் சீல் வராது. ஒருவருக்குக் கிடைத்தால் கறி முறைப்படி பலருக்கும் பங்கு. பேசாமலே நடக்கும் டீம் ஒர்க் அது. பேச்சு குறைவாக இருந்தால் ஒற்றுமை குறைவு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் சொல்லிக்கொடுக்க என்னதான் இருக்கிறது? இருக்கிறது, நண்பர்களே.

இனூயிட் மக்கள் 'ஆம்' என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள். 'இல்லை' என்பதற்கு மூக்கைச் சுருக்குவார்கள். எதிரில் நிற்பவருக்கு அது போதும். ஆனால் பம்பு அறையில் ஒருவன், வால்வுக் குழியில் இன்னொருவன், நடுவில் வாக்கி-டாக்கி. "வால்வை மூடியாச்சா?" என்று கேட்டால் இவன் புருவத்தைத் தூக்குகிறான். அங்கே கேட்பது வெறும் இரைச்சல்.

இன்னொன்று. "நீ மூடலையா?" என்று கேட்டால், இனுக்டிட்டுட் மொழிக்காரர் 'ஆம்' என்பார், 'ஆம், மூடவில்லை' என்று பொருள். நாமும் "ஆமா, மூடல" என்போமே, அதே மாதிரிதான். இங்கிலீஷ்காரர் காதிலோ அந்த 'எஸ்', மூடிவிட்டான் என்றே விழும். எண்பது டிகிரி வெந்நீர் ஓடும் குழாயில் இது இலக்கணப் பிரச்சினை அல்ல.

ஆகவே முதல் பாடம் இதுதான்: எதிர்மறையில் கேள்வி கேட்காதே, கேட்டதைத் திருப்பிச் சொல். "மூன்றாம் நம்பர் வால்வை மூடு." "மூன்றாம் நம்பர் வால்வை மூடுகிறேன்." பிறகு, "மூன்று மூடியாயிற்று." இதற்காக இருவர் இருவராக முதுகோடு முதுகு சேர்த்து உட்காரவைத்தேன். ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் எல்போவையும் டீயையும் யூனியனையும் பொருத்த வேண்டும். முதலில் இனுக்டிட்டுட்டில், பிறகு இங்கிலீஷில். தாய்மொழியில் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். மேலே, கீழே, உள்ளே, வெளியே, கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது என்று இடம் சுட்டும் சொற்கள் அந்த மொழியில் ஏராளம். வேலை புரிந்தபின் இங்கிலீஷ் வாக்கியம் தானாகவே பின்னால் வந்தது.

இரண்டாவது பாடம், இண்டர்வியூ. "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் தலை குனிந்துகொள்வார்கள். தற்பெருமை பேசுவது அங்கே அழகல்ல. கேள்வி கேட்டதும் உடனே பதில் சொல்வதும் வழக்கமில்லை. யோசித்துச் சொல்வதே மரியாதை. அந்த இடைவெளிக்குள் தெற்கத்தி அதிகாரி அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். பிள்ளைகளிடம், "உன்னைப் புகழாதே, நடந்ததைச் சொல்" என்றேன். ஒரு பையன் மாமாவோடு ஒன்பது நாள் காரிபு வேட்டைக்குப் போனதைச் சொன்னான். எத்தனை லிட்டர் பெட்ரோல் என்று கணக்குப் போட்டது, வழியில் ஸ்னோமொபைல் பெல்ட் அறுந்து மைனஸ் முப்பதில் மாற்றியது, தினமும் இரவு வீட்டுக்குத் தகவல் சொன்னது. நான் அதை அப்படியே பலகையில் எழுதி, மேலே 'திட்டமிடல், பராமரிப்பு, தகவல் தொடர்பு' என்று தலைப்பு மட்டும் போட்டேன். பையன் பலகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அவனுடைய பயோடேட்டா.

மூன்றாவதுதான் கடினம்: மேலதிகாரியிடம் 'முடியாது' என்று சொல்வது. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை கனடாவில் தொழிலாளிக்குச் சட்டப்படி உண்டு. ஆனால் பெரியவர் பேச்சை மறுக்காமல் வளர்ந்த பிள்ளைக்குச் சட்டப்புத்தகம் வாயைத் திறந்துவிடுமா? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் திறக்கிறதா? அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவரை எழுந்து நிற்கச்சொல்லி, "நிறுத்துங்கள்" என்று சத்தமாகச் சொல்லவைத்தேன். முதலில் சிரிப்பு. போகப்போகக் குரல் வந்தது.

அடுத்த கோடையில், அந்த வகுப்பில் படித்த ஒரு பெண் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தாள். பெயர் வேண்டாம். வால்வுக் குழிக்குள் இறங்கச் சொன்னார்கள். உள்ளே காற்றைச் சோதிக்கவில்லை. முதலில் மூக்கைச் சுருக்கினாள், மேஸ்திரி கவனிக்கவில்லை. பிறகு வாய்விட்டு, "நிறுத்துங்கள், காற்றுச் சோதனை ஆகவில்லை" என்றாள். மேஸ்திரிக்கு எரிச்சல். இருந்தாலும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பாதிக் குழியிலேயே மீட்டர் அலறியது. ஆக்சிஜன் போதாது. இதை அவள் என்னிடம் சொன்னபோது, தன் துணிச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மீட்டர் நல்ல மீட்டர்" என்றாள்.

பாதி வகுப்பை அந்த மேஸ்திரிகளுக்கும் நடத்த வேண்டும் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாலை எட்டுப் பேர் வந்தார்கள். அவர்களுக்கு நான் சொன்னது மூன்றே: கேள்வி கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணுங்கள், முகத்தைப் பாருங்கள், ஒருமுறை செய்து காட்டிவிட்டு, அவனைச் செய்யவிட்டுப் பாருங்கள். பார்த்துப் பழகிக் கற்பதே அங்கே முறை. கேள்வி கேட்காத பிள்ளை ஆர்வமில்லாத பிள்ளை அல்ல.

வெளியூர்க்காரன் வந்து 'பேசக் கற்றுத்தருகிறேன்' என்பது அங்கே லேசான வார்த்தை இல்லை. கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசியதற்குத் தண்டித்த காலம் ஒன்று உண்டு. 2008-இல் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். அப்படிப் படித்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள்தான் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அதனால்தான் இங்கிலீஷுக்கு முன்னால் அவர்கள் மொழியை வைத்தேன்.

மாணவச் செல்வங்களே, இங்கேயும் கம்யூனிகேஷன் ஸ்கில் என்றால் இங்கிலீஷ் உச்சரிப்பு என்றே நினைக்கிறோம். குரூப் டிஸ்கஷனில் யார் அதிகம் பேசினார் என்று எண்ணுகிறோம். கிராமத்திலிருந்து வந்து கடைசி பெஞ்சில் வாய்மூடி இருப்பவனை 'வேஸ்ட்' என்கிறோம். ஆனால் வீட்டில் மோட்டார் காயிலை அவன்தான் சுற்றிக் கொடுத்திருப்பான். சொன்னது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்ததைச் சரிபார்த்தோமா, ஆபத்து என்றால் நிறுத்தச் சொல்லும் தைரியம் உண்டா என்பதுதான் தகவல் தொடர்பு. அதற்கு எந்த மொழியும் போதும்.

நம் சங்கம் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கப்போவதாகத் தலைவர் சொன்னார். என் வேண்டுகோள்: முதல் வாரம் முழுதும் தமிழிலேயே நடத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தான் கையால் செய்த ஒரு வேலையைச் சொல்லட்டும். கேட்பவர்கள் குறுக்கிடாமல் பத்து எண்ணட்டும். விடுமுறையில் வரும்போது நானும் வந்து ஒரு வகுப்பு எடுக்கிறேன். பம்பும் குழாயும் நானே கொண்டுவருகிறேன்.